உள்ளேயா, வெளியேயா?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாயி பாடும் கும்மிப் பாட்டின் சாயலில் ஒரு மெட்டுப் போட்டிருக்கிறாராம். பம்பையும் பேஸ் கிட்டாரும் சேர்க்க ஆள் தேவை. பல ஊர்க்காரர்கள் இணையத்தில் கூடிப் பாட்டு உருவாக்கும் இடங்களில் அதை எல்லோரும் நுழையக்கூடிய திறந்த திட்டமாகப் போடுவதா, அழைத்தவர்கள் மட்டும் நுழையும் தனித் திட்டமாக வைப்பதா, எது பாதுகாப்பு என்பது கேள்வி. எழுதியதைப் படித்தால், பாதுகாப்பைப் பற்றி மட்டும் கேட்டதாகத் தெரியவில்லை. காட்டினால் மெட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம். காட்டாவிட்டால் யார் வந்து வாசிப்பார்கள் என்று ஒரு கவலை. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் சின்ன ஒலிப்பதிவு அறை ஒன்றை இருபத்திரண்டு வருடங்களாக நடத்துகிறேன். திருவிழாப் பாட்டு, தேர்தல் பாட்டு, துணிக்கடை விளம்பரம் என எது வந்தாலும் பதிவு செய்வேன். கடந்த பத்து வருடங்களாக இணையக் கூட்டு முயற்சிகளிலும் கை வைத்திருக்கிறேன், சூடும் பட்டிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. சட்டத்தைப் பற்றிக் கீழே சொல்வது தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது. பணம் கைமாறும் கட்டம் வந்தால் எழுத்துவேலையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். திறந்தது, தனியானது என்ற அந்தப் பொத்தான், யார் கேட்கலாம், யார் சேர்க்கலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. மெட்டு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். (பலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கானது, பாட்டுக்கு அங்கே வேலை இல்லை.) இந்தச் சட்டப்படி, சொந்தமாக உருவாக்கிய மெட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வது கட்டாயமில்லை. விரும்பினால் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். பின்னால் தகராறு வந்தால் அது சான்றாக உதவும். தன் முகவரிக்கே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கும் பழைய வழக்கம் எந்த உரிமையையும் உண்டாக்காது. தபால் செலவுதான் மிச்சம்.

பாட்டு என்று நாம் ஒன்றாகச் சொல்வதைச் சட்டம் துண்டு துண்டாகப் பார்க்கிறது. மெட்டு இசைப் படைப்பு. வரிகள் இலக்கியப் படைப்பு; இசைப் படைப்பு என்பதன் வரையறையே சொற்களை விலக்கிவைக்கிறது. இவை இரண்டும் இல்லாமல் ஒலிப்பதிவு தனிச் சொத்து. பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் தயாரிப்பாளர், அவரே அந்தப் பதிவின் ஆசிரியர். அதற்கும் மேலே, வாசித்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று 50 வருடங்களுக்கு உண்டு. ராகமோ தாளமோ யாருக்கும் சொந்தமில்லை. வழிவழியாக வந்த கும்மி மெட்டும் அப்படித்தான். அதை எடுத்து நீங்கள் புதிதாக வளர்த்த பகுதி மட்டுமே உங்களுடையது. ஆனால் அம்மாயியின் குரலைக் கைபேசியில் பதிந்து பாட்டில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பாடுதல் அம்மாயியுடையது. பேரன், பேத்தி என்பதால் அது உங்கள் கைக்கு வந்துவிடாது.

சேலத்தில் நமக்கு இந்தக் குழப்பம் புதிதாகத் தோன்றக் காரணம் இருக்கிறது. மலையேறும்போது வழியில் பார்க்கிறோமே, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு, அந்த மதிலுக்குள் அதன் முதலாளி டி. ஆர். சுந்தரம் படமெடுத்த காலத்தில் எல்லாமே மூடிய திட்டம்தான். இசையமைப்பவரும் பாடுபவரும் வாசிப்பவரும் கம்பெனிக்கு வேலை செய்தார்கள்; சொத்து கம்பெனிக்கு. படத்துக்காகக் கூலி கொடுத்துச் செய்வித்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2012இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மெட்டுக்காரருக்கும் பாட்டெழுதியவருக்கும் ராயல்டியில் பங்கு என்பது எழுத்தில் வந்தது. அது நியாயமா என்பது வேறு பேச்சு. யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு முதலாளி இருந்தார். இணையத்தில் ஏழு பேர் ஏழு ஊரிலிருந்து சேர்க்கும் பாட்டுக்கு முதலாளி இல்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இனித் திறந்த திட்டம். திறக்கும்போது பெரும்பாலும் ஓர் உரிமத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதைப் படிக்காமல் அழுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வழக்கமாக வருபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். முதல் தொகுதி 2002 டிசம்பரில் வெளியானது. பெயரைச் சொன்னால் போதும் என்பது ஒரு வகை. சேர்த்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும் என்பது இன்னொன்று. வணிகத்துக்குக் கூடாது என்பது மூன்றாவது. மாற்றி வெளியிடக் கூடாது என்பது நான்காவது. பயந்தவர்கள் கடைசி இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து "யாருமே வந்து வாசிக்கவில்லை" என்று புலம்புவார்கள். மாற்றி வெளியிடக் கூடாது என்று எழுதிவிட்டு, டிராக் (ஒவ்வொரு கருவியையும் குரலையும் தனித்தனியே பதிந்த தடம்) சேர்க்க வாருங்கள் என்று கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? அதேபோல, அதே உரிமத்தில்தான் விட வேண்டும் என்ற டிராக்கையும் வணிகத்துக்குக் கூடாது என்ற டிராக்கையும் ஒரே பாட்டில் கலந்து வெளியிட முடியாது. ஒன்றின் நிபந்தனை மற்றதை மீறும். ஒன்பது டிராக் சேர்ந்த பிறகு பத்தாவது ஆள் வேறு உரிமத்தோடு வந்து மொத்தத்தையும் முடக்கியதை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த உரிமங்களைத் திரும்பப் பெறவும் முடியாது. உங்கள் பக்கத்திலிருந்து பாட்டை நீக்கலாம். ஆனால் அதற்குள் எடுத்துக்கொண்டவருக்குக் கொடுத்த அனுமதி அப்படியே நிற்கும். பேண்ட்லேப் போன்ற கூட்டுப் பாட்டு இணையதளங்களில் 'ஃபோர்க்' என்று ஒரு வசதி வேறு உண்டு. அதை அனுமதித்தால் உங்கள் திட்டத்தை அதன் டிராக்குகளோடு நகலெடுத்துக்கொண்டு வேறொருவர் தன் போக்கில் வளர்க்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அதற்காகவே கட்டிய இடம் அது. தெரிந்து திறக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நான் தெரியாமல் திறந்தேன். ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு ஓமலூர்ப் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவரை அழைத்து ஒரு நாள் பதிவு செய்தேன். பேசிய கூலியைக் கொடுத்தேன், சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். அவர் வாசித்ததில் ஓர் எட்டு நிமிடத்தை, பெயர் சொன்னால் போதும் என்ற உரிமத்தில், ஒரு திறந்த திட்டத்தில் ஏற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறு வருடம் அவர் பேரன் ஏதோ ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறான்: எடை குறைக்கும் பொடிக்கு விளம்பரம், அடியில் தாத்தாவின் பம்பை. அவர் நேரே என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். "இது அம்மன் வர்ணிப்புக்கு முன்னால் அடிக்கிற அடி. யாரைக் கேட்டு இதை ஊருக்குக் கொடுத்தீர்கள்?" என்றார். விளம்பரக்காரர்கள் உரிமத்தை மீறவில்லை என்பதுதான் இதில் கொடுமை. பெயரைக்கூடப் போட்டிருந்தார்கள், என் பெயரை. ஏற்றியவன் நான்தானே.

பதிவு செய்ய அவர் சம்மதித்தார். அந்தச் சம்மதம் உலகத்துக்கே எடுத்துக் கொடுப்பதற்கும் சேர்த்து என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்து நீக்கினேன். அதற்குமேல் என்னால் முடிந்தது ஒன்றுமில்லை. பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வேறொரு பதிவுக்கு வந்தார், அதுவே பெரிய மனது. மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தபோது அவரே கேட்டார்: "இது உள்ளேயா, வெளியேயா?" அன்றிலிருந்து என் அறையில் யார் வாசிக்க வந்தாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான். கூலிச் சீட்டில் அதற்கென்று ஒரு வரியே அச்சடித்துவிட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். திறந்து வைத்ததால் எனக்குக் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் மோகன ராகத்தில் சின்னப் புல்லாங்குழல் துணுக்கு ஒன்றைத் திறந்து போட்டிருந்தேன். இரண்டே நாளில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேஸ் கிட்டார் சேர்த்திருந்தார். கேட்டவுடன் எனக்குக் கோபம். ஆதார ஸ்வரமான சட்ஜத்தில் நிற்க வேண்டியவர், போய்த் தைவதத்தில் காலூன்றி நிற்கிறார். "இது தவறு" என்று நீளமாக எழுதி, அனுப்பும் முன் குழல்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் இரண்டாம் முறை கேட்டுவிட்டுச் சிரித்தார். மோகனத்தின் தைவதத்தைச் சட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி என்ற வேறு ராகம். குழலில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை, ராகம் மாறியிருந்தது. மோகனம் என்ற பெயரே தெரியாதவர் கிரக பேதம், அதாவது ஆதார ஸ்வரத்தை நகர்த்தி வேறு ராகம் காட்டும் வித்தை, செய்திருந்தார். அந்த எட்டு மாத்திரைகளை இன்றும் சலிக்காமல் கேட்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களை மட்டும் அழைத்திருந்தால் அவர்கள் எல்லோரும் சட்ஜத்தில்தான் நின்றிருப்பார்கள்.

தனித் திட்டம் பாதுகாப்பு என்பது பாதிதான் உண்மை. உள்ளே விட்ட ஆள் கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. அழைப்பு என்பது நம்பிக்கை, பூட்டு அல்ல. நான் பார்த்தவரை தனித் திட்டங்கள் திருட்டால் கெடுவதைவிடச் சும்மா கிடந்தே கெடுகின்றன. நான்கு பேர் சேருவார்கள், பாடுகிறவருக்குக் கல்யாணம் நிச்சயமாகும், கீபோர்டு வாசிப்பவர் வேலை மாறுவார், பாதிப் பாட்டு அப்படியே தூங்கும். மூன்று வருடம் கழித்து ஒருவர் அதை எடுத்து முடித்து வெளியிட்டால் மற்ற மூவருக்கும் அப்போதுதான் ரோஷம் வரும்.

ஆகவே தனித் திட்டம் என்றால் முதல் டிராக் வருவதற்கு முன் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். மெட்டு யாருடையது, வரி யாருடையது, பதிவுக்கு யார் தயாரிப்பாளர், வருமானம் வந்தால் எத்தனை பங்கு, பெயர் எந்த வரிசையில், ஒருவர் விலகினால் அவர் டிராக் இருக்குமா எடுக்கப்படுமா, எத்தனை மாதத்தில் முடியவில்லை என்றால் கலைத்துவிடலாம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வேலைக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டுத் திரும்ப வாங்குவார்கள். அண்ணன் தம்பிக்குள்ளும் அப்படித்தான். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. பாட்டுக்காரர்கள் மட்டும் ஏனோ கணக்கு எழுதினால் நட்புக் கெட்டுவிடும் என்கிறார்கள். உரிமையை ஒருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பொருள் கொள்வார்கள். ஜெர்மனியில் இருக்கும் கிட்டார்காரரோடு பாட்டுச் செய்கிறவர் இந்த இரண்டு வரியையும் மறக்கக் கூடாது.

தெளிவில்லாத இடங்களும் இருக்கின்றன. பலர் சேர்ந்து செய்த மெட்டு எப்போது கூட்டுப் படைப்பு ஆகும் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல், ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்பது. டிராக் டிராக்காகத் தனித்தனியே கிடக்கும் இணையப் பாட்டில் இதை எப்படிப் பொருத்துவது என்பது வாதத்துக்கு உரியது. இரண்டு பக்கமும் பேச முடியும். வெறும் தாள அடி மட்டும் தனியே இசைப் படைப்பு ஆகுமா என்பதும் அப்படியே. எத்தனை ஸ்வரம் ஒத்திருந்தால் திருட்டு என்பதற்கு எண்ணிக்கை எதுவும் கிடையாது. "ஏழு ஸ்வரம் வரை எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திறந்த திட்டத்தில் வந்த ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் சிறு ஒலித்துணுக்கை) வைத்துப் பாட்டு வெளியிட்ட ஒருவர் அதை, ஒத்த ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிட்டால், அந்த லூப்பைக் கொடுத்த உங்கள் வீடியோ மேலேயே உரிமைக் கோரிக்கை வந்து விழலாம். பிறரும் பயன்படுத்த உரிமையுள்ள ஒலியை அங்கே ஏற்றக் கூடாது என்பது விதி. விதி இருக்கிறது, ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுப்புத் தெரிவிக்க உங்கள் கையில் தேதியோடு கூடிய மூலப் பதிவு இருக்க வேண்டும். அதனால் எதையும் அழிக்காதீர்கள்.

கைவேலை பற்றிச் சில வார்த்தைகள். எம்பி3 ஆக அனுப்பாதீர்கள். அந்த மாற்றத்தில் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் 25 மில்லிசெகண்ட் அளவு. குரலில் அது தெரியாது, பம்பையில் தெரியும். வேவ் கோப்பாக, 24 பிட்டில், எல்லா டிராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி அனுப்புங்கள். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பதற்கு ஓர் எண் உண்டு. 44,100 ஹெர்ட்ஸில் பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் பாட்டு நூற்றுக்கு ஒன்பது பங்கு வேகமாக ஓடும், சுருதி முக்கால் கட்டை ஏறும். பாடியவர் தொண்டையைக் குறை சொல்வதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். 48,000இல் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் நான்கு நிமிடப் பாட்டின் ஒரு டிராக் ஏறக்குறைய 35 எம்பி. பன்னிரண்டு டிராக் என்றால் 400ஐத் தாண்டும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் போனால்தான் சிக்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். அஸ்தம்பட்டிக்கு இறங்கி வருகிற நாளில் பென் டிரைவில் கொண்டுவந்தால் இங்கிருந்து ஏற்றித் தருகிறேன்.

எதிரொலி சேர்க்காத வெறுங்குரலை மட்டும் திறந்த திட்டத்தில் வைக்காதீர்கள். இந்தக் காலத்தில் குரலை நகலெடுக்க விரும்புகிறவருக்கு அதைவிட வசதியான பொருள் கிடையாது. பதிவின் முன்னும் பின்னும் இருக்கும் பேச்சையும் வெட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு டிராக்கின் கடைசியில் பாடகி தன் கைபேசி எண்ணை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார், நல்ல தெளிவான மைக்கில்.

உங்கள் பாட்டுக்கு நான் செய்வது இதுதான். மெட்டின் முதல் எட்டு வரிகளை எடுத்து, அம்மாயியின் குரல் இல்லாமல், குழலிலோ கீபோர்டிலோ வாசித்து, பெயர் சொன்னால் போதும் என்ற உரிமத்தில் திறந்து போடுங்கள். போனால் போகட்டும் என்று மனம் ஒப்பும் அளவுக்கு மட்டும். இரண்டு மாதம் வைத்திருந்தால் பத்துப் பேர் வருவார்கள். அதில் ஓரிருவருக்குக் காது இருக்கும். அவர்களைத் தனித் திட்டத்துக்குக் கூப்பிட்டு, அந்த ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு, முழுப் பாட்டை அங்கே செய்யுங்கள். உள்ளே இருப்பதை என்றைக்கு வேண்டுமானாலும் வெளியே விடலாம், வெளியே போனது உள்ளே வராது. அம்மாயியிடம், கேட்கப் போவது யார் யார் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகு பதிவு செய்யுங்கள். பாடி முடித்ததும் உடனே நிறுத்திவிடாமல், பாட்டு யாரிடம் கற்றது என்று கேட்டுப் பதிந்து, அந்தக் கோப்பை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பைக்கு இணையத்தில் தேட வேண்டாம். நான் சொன்ன அதே பெரியவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் வந்தால் முதலில் என்ன கேட்பார் என்பது உங்களுக்கே தெரியும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுங்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பண்டிகை தொடங்கிவிட்டால் சேலம் சுற்றுவட்டாரத்தில் ஒரு பம்பைக்காரரையும் பிடிக்க முடியாது.